நிழலுக்குப் பூசிய பச்சை

ஜெயராம் ஸார் ஆப்பிள் கூடையோடு மாடிப்படி ஏறி வந்தபோது லிடியா சீலா மீன் துண்டுகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் மஞ்சளும் கவிச்சியும். அந்தக் கையோடேதான் போய்க் கதவைத் திறந்தாள். இந்த மனிதருக்குக் கும்பிடு போடாமல் தப்பிக்க நல்ல சாக்கு கிடைத்தது என்று அந்தக் கோபத்திலும் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி.

டெல்லியில் போகல் என்கிற பேட்டையில் ஒரு சந்துக்குள் இரண்டாவது மாடி. ஓர் அறை, ஒரு கூடம், ஒருத்தி நின்றால் இன்னொருத்தி வெளியே நிற்க வேண்டிய சமையலறை. டெல்லியின் ஜனவரியைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பார்க்காதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த மாதத்தில் இந்த ஊரில் வெயில்தான் பெரிய சொத்து. கிழவர்கள் பூங்காவில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெயில் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போவார்கள். எதிர்வீட்டுக்காரன் நாலாவது மாடி எழுப்பினதிலிருந்து லிடியாவின் கூடத்தில் ஜன்னலோரமாகப் பாய் அகலத்துக்குத்தான் வெயில் விழுகிறது. அதுவும் கொஞ்ச நேரம். அந்தப் பாய் அகலத்துக்குத் தோதாகத் தானியேலின் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தாள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பிலிருந்து தோலைத் துளைத்துக்கொண்டு இரும்புக் கம்பிகள் வெளியே நின்றன. அந்தக் கால் மட்டும் வெயிலில் கிடந்தது.

"என்ன தானியேல், முகத்துல கலர் வந்துடுச்சே!" என்றார் ஜெயராம் ஸார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவருஷமே சொந்தமாக ஒரு கம்பெனி. ஆறு, காடு, மலை என்று எங்கே எதைக் கட்ட வேண்டுமானாலும் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தருகிற கம்பெனி. தானியேல் அங்கேதான் மீன் பார்க்கிறவன்.

"இருக்கேன் ஸார். ஒக்காருங்க. ஏட்டி லிடியா, ஸாருக்குக் காப்பி."

"காப்பி வேண்டாம்மா, சுகர். ஒரு ரெண்டு நிமிஷம் நீங்களும் வந்து உக்காருங்க."

லிடியா உட்காரவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல தானியேல் விழுந்த ஊர் போலீஸ் தாணாவிலேர்ந்து போன் வரும். அங்க கேஸ் எழுதற முன்ஷிகிட்ட நான் பேசிட்டேன். நல்ல மனுஷன். ஒரே கேள்விதான் கேப்பான், இங்க எதுக்கு வந்தீங்கன்னு. லீவுல வந்தேன், மீன் பிடிக்கிற ஆசை, தனியா எறங்கினேன், வழுக்கிடுச்சுன்னு சொல்லணும். முடிஞ்சுது. ஃபைலை மூடிடுவான்."

"லீவா?" என்றாள் லிடியா.

"ஏட்டி, சும்மா இரி," என்றான் தானியேல்.

"நான் எதுக்கு இருக்கணும்? ஸார், அவியள அனுப்புனது நீங்கதான? இந்தா, இதே கூடத்துல ஒக்காந்து போன்ல பேசுனாவ, எங்காதுல விழுந்துச்சு. ரிப்போர்ட்டு அட்டைக்கு நாலு போட்டோ வேணும், கையில ஒரு ட்ரவுட்ட வச்சிக்கிட்டு சிரிச்சாப்புல ஒண்ணு வேணும்னு நீங்க சொல்லல?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

"பேச்சுக்குச் சொன்னதுக்குத்தான் கால் போச்சு."

ஜெயராம் ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட லிடியாவுக்கு ஆறியிருக்கும்.

"புரியாம பேசறீங்க. நம்ம ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே என்ன எழுதியிருக்கு? மலைச் சரிவு, காடு, பனி, ரோட்டுக்கும் ஓடைக்கும் உள்ள தூரம், இதையெல்லாம் மேலேருந்து எடுத்த படத்துல அளந்து ஓடைக்கு மார்க் போட்டிருக்கோம், நேர்ல யாரும் போகலைன்னு எழுதியிருக்கு. இப்ப ஒருத்தன் போனான், விழுந்தான்னு வந்தா ரோட்டுக்கு அனுமதி குடுக்கிற கமிட்டியில என்ன கேப்பாங்க? போனவன் என்ன பார்த்தான்னு கேப்பாங்க."

"பாத்தத சொல்லட்டுமே."

"அதுதாம்மா கூடாது."

சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று சொல்வது போலச் சொன்னார். லிடியாவுக்குக் கையில் காய்ந்திருந்த மஞ்சள் அரித்தது.

ஜெயராம் ஸார் எழுந்து தானியேலின் தோளில் கை வைத்தார். "என்னை விடு. பத்ரியை யோசிச்சுப் பாரு. மேப் போட்டவன் அவன். மேப் தப்புன்னு ஆச்சுன்னா முதல்ல தெருவுல நிக்கறது அவன். அவன் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம், உனக்கே தெரியும். உன்னை நான் விட்டுட மாட்டேன். கால் சரியானதும் ஆஃபீஸ்ல உக்காந்து பாக்கிற வேலை. அச்சா? ஆப்பிள் சாப்பிடு, நம்ம மலை ஆப்பிள்தான்."

படியிறங்குகிற சத்தம் அடங்கியதும் லிடியா கூடையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தாள். கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகள் வாலுப் பிள்ளைகள். சோறு வேகும் முன்னே கூடை காலியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தத் தானியேல் என்ன வேலை பார்த்தான் என்பதைச் சொன்னால்தான் லிடியாவின் எரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். கடல் மீனோடு வளர்ந்தவன் படித்துவிட்டு வந்து மலை மீனிடம் மாட்டிக்கொண்டான். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன் இமயமலை ஓடைகளில் இன்றைக்கும் இருக்கிறது. பொல்லாத செல்லம் அது. தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும், மேலே மரநிழல் வேண்டும், அடியில் சுத்தமான கூழாங்கல் வேண்டும். குளிர்காலத்தில் கூழாங்கல்லுக்கு நடுவே குழி பறித்து முட்டையிடும். அந்த இடுக்கில் சேறு அடைத்தால் முட்டைக்கு மூச்சு முட்டிப் போகும்.

"மேல இருந்து பாத்தே ஓடைக்கு ஜாதகம் எழுதிரலாம் லிடியா," என்று அவனே சொல்லுவான். "காடு இருக்கா, தண்ணி குளுந்து வரும். சரிவு எப்பிடி, கல்லா மண்ணான்னு தெரியும். பக்கத்துல ரோடு வந்தா சேறு வரும். நெலம் செய்யுதத ஓடை மறைக்காது. பத்ரி போடுத மேப்பு பொய் இல்ல. ஆனா நாலு எடத்துலயாவது எறங்கிக் கல்லப் பொரட்டிப் பாக்கணும். பாத்தாத்தான் அது ஜாதகம். இல்லன்னா வெறும் படம்."

எறங்கிக் கல்லைப் புரட்டுவதுதான் அவன் வேலை. முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைத் திருப்பினால் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சிகள் தெரியும். அவை இருந்தால் மீனுக்குச் சோறு இருக்கிறது என்று அர்த்தம். போகிற ஓடையிலிருந்தெல்லாம் ஒரு கல்லைக் கொண்டுவந்துவிடுவான். வீடு முழுக்கக் கல். முதலில் லிடியா சத்தம் போட்டாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டாள். தட்டையான கறுப்புக் கல் மிளகு நசுக்க. வெள்ளை ரேகை ஓடுகிற கல் ஊறுகாய்ப் பரணிக்கு மூடி மேல் பாரம். பச்சை நிறத்துக் குண்டுக்கல் கதவுக்கு முட்டு.

கடைசியாக வந்த கல் ஜன்னல் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருந்தது. மலையில் ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். வெட்டின மண்ணையும் கான்கிரீட்டுக் கழிவையும் ஓடைப் பக்கம் தள்ளக் கூடாது, ட்ரவுட் ஓடைக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்று காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு நிபந்தனை. காட்டுவதற்குத்தான் ஜெயராம் ஸாரின் அறிக்கை. 'மிக நன்று' என்று மார்க் வந்திருந்த அந்த ஓடையில்தான் தானியேல் அட்டைப் படத்துக்காக இறங்கினான். ஏறும்போது கரையே சரிந்தது. ரோட்டில் வேலை செய்கிற ஜார்க்கண்ட் ஆட்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். லிடியா விழுந்தடித்துப் போய்ச் சேர்ந்தபோது மாவட்ட ஆஸ்பத்திரியில் அவன் பையைத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். பைக்குள் அந்தக் கல். சாம்பல் நிறம். வீட்டுக்கு வந்து பிரஷ் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. சிமெண்ட் அப்படியே தோலாகப் படிந்திருந்தது. அந்தக் கல்லுக்கு மட்டும் அவள் வேலை கொடுக்கவில்லை.

டெல்லிக்கு வருகிற வழியெல்லாம் ஆம்புலன்சில் அவன் காலைப் பற்றிப் பேசவில்லை. "முட்ட போட்டிருந்துச்சு லிடியா. அந்தச் சாம்பச் சேத்துக்குள்ளயும் போட்டிருந்துச்சு. உயிரு இருந்தா ஆரஞ்சு நெறத்துல கண்ணாடி மாதிரி இருக்கும். அம்புட்டும் வெள்ளையா, வேவிச்ச முட்ட மாதிரி…" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்த மனிதன்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"என்ன முடிவு பண்ணிட்டிய?" என்று கேட்டாள். அடுப்பில் புளி கொதித்தது. சின்ன வெங்காயம் இல்லை. தமிழ்ச்சனம் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்துத் தள்ளும்வரை அங்கே ஒரு எட்டுப் போனால் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வாங்கிவிடலாம். இப்போது மொட்டை மாடியில் நின்றால் அந்த இடம் தட்டையாகக் கிடப்பது தெரியும். பெரிய வெங்காயத்தைப் போட்டு வைத்த குழம்பு.

"லீவுன்னு சொல்லிருதேன்."

"கோட்டி புடிச்சிருக்கா ஒங்களுக்கு?"

"பத்ரி பாவம்ட்டி."

"நான் பாவமில்லையா? ஒங்க காலு பாவமில்லையா? ராத்திரியும் பகலும் ஆஸ்பத்திரியில நர்ஸு வேல பாத்து, கண்டவன் காலுக்கெல்லாம் கட்டுப் போட்டுட்டு வந்து இங்ஙன ஒங்க கம்பியத் தொடச்சிட்டுக் கெடக்கேன், நான் என்ன மரமா? மீன் புடிக்க ஆசப்பட்டு ஊர் சுத்தப் போயி விழுந்தவன்னு ஒங்கள எழுதி வைப்பாவ. நாளைக்கு ஒருத்தனும் அந்த மண்ண அள்ள மாட்டான். எல்லாம் பத்ரிக்காவ!"

"அவன்தான் எறங்கச் சொன்னான்," என்றான் தானியேல்.

லிடியாவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"மேல ரோட்டுல நின்னு போன் போட்டேன். எந்தப் பக்கமா எறங்கட்டும்னு கேட்டேன். மேப்பப் பாத்துட்டு, 'எடது பக்கம் வாங்க பாய், அங்க நல்ல அடர்த்தியான காடு, பிடிச்சு எறங்க மரம் இருக்கு'ன்னான். எறங்கிப் பாத்தா ஒரு மரம் இல்ல. கொட்டுன மண்ணு. காலையில பனி ஒறஞ்சி கல்லு மாதிரி இருந்துச்சு, எறங்கிட்டேன். ஏறும்போ வெயில் வந்து எளகிருச்சு. அவன் தெரிஞ்சா சொன்னான்? மேப்புல பச்ச இருந்தா பச்சன்னு சொன்னான். இது வெளிய தெரிஞ்சா அவனத்தான் மொதல்ல கொல்லுவானுவ."

இதை இத்தனை வாரமாக அவளிடம் மறைத்திருக்கிறான். லிடியாவுக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. குழம்பில் மீனைப் போட்டாள். ஒவ்வொரு துண்டாக, அறைகிற மாதிரி.

பத்ரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே சாப்பிடுவது பழைய வழக்கம். கோல் மார்க்கெட் கவர்ன்மெண்ட் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஐயர் வீட்டுப் பிள்ளை. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தும் கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அவன் மீன் தின்கிற சங்கதி இந்த வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். தின்று முடித்துக் கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துவிட்டு, பாக்கு வேறு மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். "ஸ்நேகா மூக்கு போலீஸ் நாய் மூக்கு, பாபி," என்பான் பெண்டாட்டியைப் பற்றி. இந்தி வழக்கப்படி லிடியா அவனுக்கு பாபி, அண்ணி; தானியேல் பாய், அண்ணன். விபத்துக்குப் பிறகு இந்த வழக்கம் நின்றிருந்தது. இன்றைக்குத் தானியேல்தான் வரச்சொல்லியிருந்தான்.

தோளில் லேப்டாப் பையோடு வந்தான். குல்லாயைக் கழற்றினான். மூக்கு தன்னையறியாமல் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"சுர்மாயா பாபி?"

"எங்கூருல சீலா," என்றாள் லிடியா. தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தட்டு வெறும் தட்டு. "ஒக்காருங்க தம்பி. ஒங்க பொட்டியத் தொறங்க. அந்த மேப்ப நான் பாக்கணும்."

"இப்பவா? சாப்ட்டு…"

"இப்ப."

பத்ரி தானியேலைப் பார்த்தான். தானியேல் ஜன்னலைப் பார்த்தான். பத்ரி லேப்டாப்பைத் திறந்தான். மலைப்பக்கம் முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவே நீலமாக ஒரு கோடு. அதுதான் ஓடை. கோட்டின் இடது பக்கம் கரும்பச்சையாகத் திட்டு.

"இதா நீங்க எறங்கச் சொன்ன காடு?"

பத்ரி படத்தைப் பெரிதாக்கினான், மறுபடி சின்னதாக்கினான்.

"கேக்கேன்லா."

"அது காடு இல்ல பாபி." பத்ரி விரலால் அந்தத் திட்டைத் தொட்டான். "நிழல்."

"என்ன நிழல்?"

"மலையோட நிழல். மழைக்காலத்துல படம் எல்லாம் மேகமா இருக்கும், அதனால டிசம்பர் படம் எடுத்தேன். சாட்டிலைட் காலம்பற அங்க போறப்போ சூரியன் மலைக்குப் பின்னாடி இருக்கும். அந்தச் சரிவு முழுக்க இருட்டு. கம்ப்யூட்டருக்கு தேவதாருக் காடும் கறுப்பு, நிழலும் கறுப்பு. ரெண்டையும் காடுன்னு எடுத்துண்டு பச்சை அடிச்சுடும். அதுக்குள்ள மண்ணைக் கொட்டியிருந்தாலும் தெரியாது."

"இது எப்பத் தெரியும் ஒங்களுக்கு? அவிய விழுந்தப் பொறவா?"

கீழே தெருவில் பட்டாணி விற்கிற வண்டிக்காரன் மட்டர், மட்டர் என்று கத்திக்கொண்டு போனான்.

"பத்ரி," என்றான் தானியேல். "சொல்லுடே. பொறவுதான?"

"முன்னாடியே," என்றான் பத்ரி.

தானியேல் கட்டிலில் முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தான்.

"ஓரத்தைப் பாருங்கோ பாய். காடு எங்கயாவது இப்படி வெட்டின மாதிரி நிக்குமா? மேல இருக்கிற மலை முகடு என்ன ஷேப்போ அதே ஷேப். பார்த்த அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. ஜெயராம் ஸார்கிட்ட போய் சொன்னேன். 'மார்க் எப்படி வருது?'ன்னார். ரொம்ப நன்னா வருதுன்னேன். 'அப்ப எதுக்குத் தொடறே, விடு'ன்னார். விட்டுட்டேன்."

"போன்ல?" என்று கேட்டாள் லிடியா. "அவிய மல மேல நின்னு கேக்கும்போ?"

"ஸார் பின்னாடியே நின்னுண்டிருந்தார் பாபி. 'அது நிழல், இறங்காதீங்கோ'ன்னு அவர் முன்னாடி எப்படி… மேப்புல என்ன இருக்கோ அதைப் படிச்சேன்."

"படிச்ச?"

அந்த 'ங்க' அத்தோடு போயிற்று. பத்ரிக்கே அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேல நிழல் விழுந்திருந்தா திரும்பக் கூப்புட்டுப் பாப்பாவ. ரெண்டாவது படம் எடுப்பாவ. பச்ச அடிச்சி வீட்டுக்கு அனுப்ப மாட்டாவ. நீ பச்ச அடிச்ச. அடிச்சிட்டு அதுக்குள்ள எம் புருஷன எறங்கச் சொன்ன. வாய்ல என்ன வச்சிருந்த அப்போ, கொழுக்கட்டையா? போன வச்சிட்டு வெளிய வந்து ஒரு மெசேஜு, 'பாய் அங்க போகாதீங்க'ன்னு ஒரு வரி? ஒனக்குத் தமிழ்தான் எழுத வராது, இங்கிலீஷுமா வராது?"

"பயம் பாபி. ஸ்நேகா இப்படி இருக்கறச்சே…"

"ஸ்நேகாவ இழுக்காத. அந்தப் பிள்ள பேரச் சொல்லித்தான் காலையில அந்த மனுஷன் வந்து இவிய வாயக் கட்டிட்டுப் போயிருக்கான். ரெண்டு பேருமா ஒரு வயித்துப்பிள்ளக்காரியத் தூக்கி முன்னால நிறுத்திட்டு அவ முதுகுக்குப் பின்னால ஒளியுதிய. வெக்கமா இல்ல?"

அவள் தானியேல் பக்கம் திரும்பினாள். அவனையும் நாலு கேட்க வேண்டும் என்றிருந்தாள். திரும்பினவள் நிறுத்திவிட்டாள். தானியேலின் முகம் அப்படி இருந்தது. கட்டு அவிழ்க்கும்போதுகூட அவன் முகம் அப்படிப் போனதில்லை.

"பத்ரி," என்றான் மெதுவாக. "மரம் இருக்குன்னியா? நான் கைய நீட்டிக்கிட்டே எறங்குனேன்டே. இந்தா மரம் வரும், இந்தா வரும்னு. ஏறும்போயும் அப்பிடித்தான். எளகுதுன்னு தெரிஞ்சிது. பத்ரி சொல்லிருக்கான், இன்னும் கொஞ்சம் தள்ளி மரம் இருக்கும், அதப் புடிச்சிரலாம்னு… திரும்பிப் போயிருக்கலாம். ஒன் மரத்த நம்பி ஏறுனேன்."

பத்ரியின் கண்ணிலிருந்து நீர் மேசை மேல் விழுந்தது. லிடியாவுக்கு அது இன்னும் ஆத்திரமாக வந்தது. அழுகிறவனை எப்படித் திட்டுவது?

போன் அடித்தது.

தானியேலின் போன். கட்டிலில், அவன் இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. மலையூர் நம்பர். மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். லிடியா எடுத்தாள், பச்சைப் பொத்தானை அழுத்தினாள், ஸ்பீக்கரில் போட்டு அவன் நெஞ்சின் மேல் வைத்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் காலையிலேயே சொல்லிவிட்டாள். இனி அவன் பாடு.

"தானியேல் ஜி? நமஸ்தே, நமஸ்தே! கால் எப்படி இருக்கிறது?" முன்ஷி நல்ல மனிதர்தான். குரலில் பனியும் பீடியும் இருந்தன. பின்னால் யாரோ டீ கேட்கிற சத்தம். இந்தியில் பேசிக்கொண்டே போனார். "உங்கள் ஸார் எல்லாம் சொல்லிவிட்டார். சும்மா ஒரு ஒப்புக்குக் கேட்கிறேன். கூம்னே ஆயே தே நா? சுத்திப் பாக்கத்தானே வந்தீங்க?"

தானியேல் கண்ணை மூடினான். லிடியா அவன் காலைப் பார்த்தாள். வெயில் கம்பிகளை விட்டு நகர்ந்து சுவரேறிக்கொண்டிருந்தது.

"நஹீன் ஜி," என்றான். "ட்யூட்டி பர் தா. வேலையாத்தான் வந்தேன்."

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"யோசித்துச் சொல்லுங்கள். ட்யூட்டி என்றால் யார் அனுப்பினது, எதற்கு அனுப்பினது, எல்லாம் எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க ஜி." ஜெயராம் ஸாரின் முழுப் பெயரையும் சொன்னான். கம்பெனிப் பெயரைச் சொன்னான். கரை முழுக்க ரோட்டு மண் கொட்டியிருக்கிறது, ஓடை அடியில் சிமெண்ட் சேறு, நானே கையால் தொட்டுப் பார்த்தேன் என்றும் சொன்னான். அவன் இந்தி ஒன்றும் பெரிய இந்தி இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

"நீங்கள் போனதற்கு வேறு யாராவது சாட்சி?"

லிடியா போனை எடுத்தாள். மேசைக்குப் போனாள். பத்ரியின் முகத்துக்கு நேரே, மருந்துக் கரண்டியை நீட்டுவது போல நீட்டினாள்.

பத்ரி போனைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான். அதில் அந்தக் கரும்பச்சை அப்படியே இருந்தது. எதற்கோ தானியேல் பக்கமும் பார்த்தான். தானியேல் அவனுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

"ஹலோ? கோயி ஹை? யாராவது இருக்கீங்களா?" என்றது போன்.

"மைன் ஹூன், நான் இருக்கேன்," என்றான் பத்ரி. "பத்ரிநாராயணன். அதே ஆஃபீஸ். மேப் போட்டது நான். அந்த வழியா எறங்கச் சொன்னதும் நான்தான். அந்த எடம் காடு இல்லைன்னு எனக்குத் தெரியும்." தமிழுக்குத் தாவிவிட்டதை உணர்ந்து, மறுபடி முதலிலிருந்து இந்தியில் சொன்னான். இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

"இதை நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், பாயி ஸாஹப். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்."

"ஆவூங்கா. வரேன்."

வைத்த மறுநிமிஷமே பத்ரியின் போன் அதிர ஆரம்பித்தது. ஜெயராம் ஸார் பெயர். முன்ஷி எவ்வளவு நல்ல மனிதர் என்பது அப்போது தெரிந்தது. அது அடித்து ஓய்ந்தது. பிறகு தானியேலின் போன் அடித்தது. அதுவும் ஓய்ந்தது. மறுபடி பத்ரியுடையது. யாரும் எடுக்கவில்லை. இந்த இரண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இல்லை என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. லிடியாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் காலையில் அந்த மனிதர் தானியேலின் தோளில் கை வைத்தபோது வந்த பயத்தைவிட இது பரவாயில்லை.

பத்ரி லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து எழுந்தான். "வரேன் பாபி."

"ஒக்காரு."

"இல்ல, நான்…"

"ஒக்காருன்னேன். ஞாயித்துக்கெழம இந்த வீட்டுல இருந்து ஒருத்தரும் பட்டினியாப் போனதில்ல."

உள்ளே போய்ச் சோறு கொண்டுவந்து அந்த வெறும் தட்டில் போட்டாள். மோரை ஊற்றினாள். ஓரத்தில் ஊறுகாய் ஒரு துண்டு. வீடு முழுக்க மீன் குழம்பு மணத்தது. மூடியைத் திறந்து தானியேலின் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு வைத்தாள், குழம்பை ஊற்றினாள், முள்ளெடுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சட்டியை மூடினாள். ஊறுகாய்ப் பரணிக் கல்லை எடுத்து மேலே பாரமும் வைத்தாள்.

"சோறு போடுதேன். மீன் கெடையாது," என்றாள் பத்ரியிடம். "அவிய எப்ப ரெண்டு காலையும் ஊனி இந்தப் படியில எறங்குதாவளோ அன்னைக்கு வா. அதுவர மோருதான்."

பத்ரி மோர்ச்சோற்றைப் பிசைந்தான். தலை நிமிராமல் சாப்பிட்டான். தானியேலும் சாப்பிட்டான். போன் மட்டும் இரண்டு இடத்திலும் மாறி மாறி அதிர்ந்துகொண்டிருந்தது.

லிடியா ஜன்னல் விளிம்பிலிருந்து அந்தச் சாம்பல் கல்லை எடுத்தாள். இத்தனை நாளும் வேலையில்லாமல் கிடந்த கல். கொண்டுவந்து பத்ரியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தின்னுட்டு இத எடுத்துட்டுப் போ. அங்ஙன போவும்போ கொண்டுபோயி முன்ஷி மேசையில வை. வச்சிட்டு, நீயும் அந்த ஓடையில எறங்கு. வலது பக்கமா எறங்கு. ஒரு கல்லப் பொரட்டிப் பாத்துட்டு வா."

பத்ரி இடது கையால் அந்தக் கல்லைத் தூக்கினான். நினைத்ததைவிட அது கனமாக இருந்திருக்க வேண்டும். மணிக்கட்டு ஒரு கணம் தாழ்ந்தது.